நோட்டா

நோட்டா என்பது, போட்டியிடும் வேட்பாளர்களுள் எவரையும் ஏற்காத வாக்காளர் அதனை இரகசியமாகப் பதிவு செய்ய இந்தியத் தேர்தல்களில் தரப்பட்டுள்ள வாய்ப்பு ஆகும். வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் பெயர்களுக்குக் கீழே கடைசியாக இது இடம்பெறும்.

வரலாறு

முன்பு 49-ஓ விதிப்படி, வாக்களிக்க விரும்பாதவர் அதனை வாக்குச்சாவடி அலுவலரிடம் தெரிவித்துப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். இதனால் அவரது முடிவு அங்கிருந்தோர்க்குத் தெரிந்துவிடும். இது வாக்கின் இரகசியத்துக்கு முரணானது எனக் கூறிய உச்ச நீதிமன்றம், 2013 செப்டம்பர் 27 அன்று நோட்டாவைக் கொண்டுவர ஆணையிட்டது. அவ்வாண்டு இறுதியில் தில்லி உள்ளிட்ட ஐந்து சட்டமன்றத் தேர்தல்களில் இது நடைமுறைக்கு வந்தது.

வரம்புகள்

மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் நோட்டா எத்தனை வாக்குகள் பெற்றாலும், வேட்பாளர்களுள் அதிக வாக்கு பெற்றவரே வென்றவராவார். 2024 மக்களவைத் தேர்தலில், காங்கிரசு வேட்பாளர் விலகிய இந்தூர்த் தொகுதியில் நோட்டா 2,18,674 வாக்குகளுடன் இரண்டாமிடம் பெற்றது. அதனால் எவ்விதச் சட்ட விளைவும் ஏற்படவில்லை.

அதே தேர்தலில் சூரத்தில் காங்கிரசு வேட்பாளரின் மனு தள்ளுபடியானது. ஒருவரைத் தவிர ஏனையோர் விலகினர். எஞ்சியவர் போட்டியின்றித் தேர்வானதால் அங்கு வாக்குப்பதிவே நடைபெறவில்லை. மறுப்பைத் தெரிவிக்கும் வாய்ப்பும் வாக்காளர்களுக்குக் கிட்டவில்லை.

உள்ளாட்சித் தேர்தல்கள்

நோட்டா முதலிடம் பெற்றால் மறுதேர்தல் நடத்தப்படும் என மகாராட்டிரம், அரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018இல் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு அறிவித்தன. வாக்காளரின் மறுப்புக்கு விளைவு தரும் ஏற்பாடு இது. மக்களவைத் தேர்தலுக்கு அத்தகைய விதி இல்லாதவரை, அங்கு நோட்டா எதிர்ப்பைப் பதிவு செய்யும், முடிவை மாற்றாது.