ஓர் எழுத்தும் ஒரு சொல்லே!

பல எழுத்துகள் சேர்ந்தால்தான் சொல் உண்டாகும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் காலை முதல் இரவு வரை நம் வீட்டில் ஒலிக்கும் சொற்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள். “வா” என்று அழைக்கிறார் அம்மா. “தா” என்று கை நீட்டுகிறாள் தங்கை. “போ” என்று சிணுங்குகிறான் தம்பி. நீ, பூ, தீ, கை, பை இவையெல்லாம் ஒரே ஓர் எழுத்தால் ஆனவை. ஆயினும் முழுப் பொருள் தருபவை. இவற்றை இலக்கண நூலார் ‘ஓரெழுத்து ஒருமொழி’ என்பர்.

ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், இத்தகைய சொற்கள் 42 என எண்ணிக் காட்டினார். உயிரெழுத்துகளில் 6, ம வரிசையில் 6, த, ப, ந ஆகிய வரிசைகளில் ஐந்து ஐந்தாக 15, க, ச, வ ஆகிய வரிசைகளில் நான்கு நான்காக 12, ய வரிசையில் 1. ஆக இந்த 40 சொற்களும் நெடில்கள். எஞ்சிய ‘நொ’, ‘து’ என்னும் இரண்டு மட்டுமே குறில்கள்.

ம வரிசையை மட்டும் இங்கே காண்போம்.

மா – மாமரம், விலங்கு, பெரிய
மீ – மேல், உயர்ச்சி
மூ – மூப்பு
மே – மேன்மை, அன்பு
மை – கண்ணுக்கு இடுவது, எழுத உதவுவது
மோ – முகர்தல்

ஆறு சொற்களுக்கும் மெய் ஒன்றே. அதில் குடியேறும் உயிர் மாறும்போது பொருளும் மாறிவிடுகிறது. எழுத்துகளுக்கு மெய் என்றும் உயிர் என்றும் பெயரிட்ட நம் முன்னோரின் நுண்ணறிவை என்னவென்பது!

இவை ஏட்டில் உறங்கும் பழஞ்சொற்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ‘கோ’ என்றால் அரசன், ‘இல்’ என்றால் வீடு. இரண்டும் சேர்ந்ததே ‘கோயில்’. சைவ மரபில் கோயில் என்று பொதுவாகச் சொன்னாலே அது நம் அருகிலுள்ள சிதம்பரத்தைக் குறிக்கும். ‘கா’ என்றால் சோலை. திருவானைக்கா என்னும் ஊர்ப்பெயரில் அது இன்றும் பசுமையாக நிற்கிறது. ‘மீ’ என்னும் சொல்லோ அறிவியலுக்கே உதவ வந்துவிட்டது. நம் செவிக்கு எட்டாத உயர்ந்த அதிர்வுடைய ஒலியை ‘மீயொலி’ என்கிறோம் அல்லவா?

இனி ஆங்கிலத்தின் பக்கம் சற்றுத் திரும்புவோம். அம்மொழியில் ஓரெழுத்துச் சொற்கள் மிகச் சில. ‘ஒரு’ என்று பொருள்படும் ஏ, ‘நான்’ என்று பொருள்படும் ஐ, செய்யுளிலும் செபத்திலும் விளிக்கப் பயன்படும் ஓ ஆகிய மூன்றே நமக்குப் பழக்கமானவை. வியப்பு என்னவெனில், இம்மூன்று ஒலிகளும் நன்னூலார் பட்டியலிலும் உள்ளன! தமிழில் ஏ என்பது அம்பு. ஐ என்பது தலைவன். ஓ என்பது மதகில் நீரைத் தடுத்து நிறுத்தும் பலகை.

ஒரே மெய்யொலிகளின் இடையே உயிரொலி மாறும் விளையாட்டு ஆங்கிலத்திலும் உண்டு. பேட் என்றால் பந்தடிக்கும் மட்டை. பெட் என்றால் பந்தயம். பிட் என்றால் சிறு துண்டு. பட் என்றால் ஆனால். கடலோரத்தில் வாழும் நமக்கு வேண்டிய இரு சொற்களும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே: போட் என்றால் படகு, பெய்ட் என்றால் தூண்டில் இரை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்யும் தோழியர் கவனிக்க வேண்டும். பந்தயம், படுக்கை, வளர்ப்புப் பிராணி ஆகிய மூன்றுக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் தமிழ் எழுத்தில் ‘பெட்’ என்றே வந்து நிற்கும். அம்மொழி வேறுபடுத்தும் வல்லொலி மெல்லொலிகளை நம் ப, ட என்னும் எழுத்துகள் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே அச்சொற்களை ஆங்கில எழுத்திலேயே கண்டு, ஆசிரியை சொல்லக் கேட்டுப் பழகுவதே நன்று.

எழுத்து ஒலியைப் பிரித்துக் காட்டாத இத்தகைய இடர் ஒரு காலத்தில் தமிழுக்கும் இருந்தது. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி இட வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. புள்ளி இருந்தால் குறில், இல்லையேல் நெடில். ஆனால் ஓலையில் எழுத்தாணியால் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். அதனால் ‘எரி’ என்று எழுதியிருந்தால் அது நெருப்பா, வீராணம் போன்ற ஏரியா என்பதை இடம் நோக்கியே உணர வேண்டியிருந்தது. தென்னும் தேனும், கொடுவும் கோடும், கெடுவும் கேடும் ஒரே வடிவில் நின்றன. மற்றச் சொற்களுக்காவது பக்கத்து எழுத்துகள் துணை செய்யும். ஓரெழுத்துச் சொல்லுக்கு அந்தத் துணையும் இல்லை. நன்னூலாரின் 42 சொற்களில் ஏ, ஓ, மே, மோ, தே, பே, போ, நே, நோ, கோ, சே, சோ, நொ ஆகிய 13 சொற்கள் இந்த இடருக்கு ஆளாகக்கூடியவை.

இக்குறையைத் தீர்த்தவர் இத்தாலி நாட்டிலிருந்து வந்த ஓர் இயேசு சபைத் துறவி. 1680-ஆம் ஆண்டு பிறந்த கொன்ஸ்தான்சு யோசேப்பு பெஸ்கி என்னும் அப்பெருமகனையே நாம் வீரமாமுனிவர் எனப் போற்றுகிறோம். குறிலுக்குப் புள்ளி இடுவதை விடுத்து, நெடிலுக்கே தனி அடையாளம் தந்தார் அவர். எகரத்தின் கீழே ஒரு கோடு இழுக்க ஏகாரம். ஒகரத்தின் கீழே ஒரு சுழி இட ஓகாரம். ஒற்றைக் கொம்பின் தலையைச் சுழிக்க இரட்டைக் கொம்பு. எவ்வளவு சிறிய மாற்றம்! எவ்வளவு பெரிய பயன்!

அத்துடன் அவர் நிற்கவில்லை. செய்யுள் வடிவ நிகண்டுகளை மனப்பாடம் செய்தே சொற்பொருள் அறிந்த காலத்தில், 1732-இல் சதுரகராதியை அளித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் உடைய அந்நூலில் சொற்களை அகர வரிசையில் அமைத்தார். தேடுவோர்க்குச் சொல் எளிதில் கிடைத்தது.

நம் ஊரின் பெயரையே பாருங்கள். தேவனாம்பட்டினம் என்பதன் முதல் எழுத்தாகிய ‘தே’ ஒரு தனிச்சொல். தெய்வம் என்பது அதன் பொருள். இன்று ஒரு சிறுமி முதல் முறையாக அப்பெயரைக் கண்டாலும் தயங்காமல் நெடிலாகப் படிப்பாள். அவள் தயங்காமைக்குக் காரணம் அந்தக் கொம்பின் சிறு சுழி.

ஆகவே தோழியரே, கட்டுரை ஏட்டில் ஆசிரியை சிவப்பு மையால் ஒரு சுழியைத் திருத்தினால், “இவ்வளவு சிறிய பிழைக்கா?” என்று முகம் சுளிக்காதீர்கள். நாம் எழுதியதைப் படிப்பவர் நம் அருகில் இருக்கமாட்டார். நாம் என்ன கருதினோம் என்று அவரால் கேட்கவும் முடியாது. அவருக்கு வழிகாட்ட நாம் விட்டுச் செல்வது அந்தச் சுழியும் கோடுமே. விடுமுறையில் 42 சொற்களையும் எழுதி, ஒவ்வொன்றின் பொருளையும் அகராதியில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழின் மிகச் சிறிய சொற்களுக்குள் எத்துணைப் பெரிய செல்வம் இருக்கிறது என்பதை நீங்களே கண்டு மகிழ்வீர்கள்!