கடலுக்கு அடியில் எந்த நிறம் கண்ணில் படும்?

ஸ்கூபா டைவிங்கிற்கான உடையும் கருவிகளும் கடையில் காட்டும் நிறத்தைக் கடலுக்குள் காட்டுவதில்லை. சூரிய ஒளியில் கலந்திருக்கும் நிறங்களைத் தண்ணீர் ஒரே அளவில் உள்ளே விடாது. அலைநீளம் மிகுந்த சிவப்பைத்தான் முதலில் உறிஞ்சும். தெளிந்த கடலிலேயே ஐந்து மீட்டர் ஆழத்தில் சிவப்பு நன்றாக மங்கிவிடும். 10 மீட்டரைத் தாண்டினால் பழுப்பாகவோ கருப்பாகவோ தெரியும். அடுத்து ஆரஞ்சு மங்கும், அதற்கும் கீழே மஞ்சள். தெளிந்த நீரில் நெடுந்தூரம் இறங்குவது நீல ஒளி. 20 மீட்டர் ஆழத்தில் கையில் சிராய்ப்பு ஏற்பட்டால், கசியும் இரத்தம் கரும்பச்சையாகத் தெரிந்து புதியவர்களைத் திடுக்கிட வைக்கும்.

ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேலிருந்து இறங்கும் ஒளி கருவியில் பட்டு, அங்கிருந்து பார்ப்பவரின் கண்வரை பக்கவாட்டிலும் தண்ணீரைக் கடந்து வர வேண்டும். ஐந்து மீட்டர் ஆழத்தில் இருப்பவரின் காலில் மாட்டிய சிவப்புத் துடுப்பை, அதாவது ஃபின்னை, 10 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், அந்த ஒளி கடந்து வந்தது மொத்தம் 15 மீட்டர் தண்ணீர். பக்கத்தில் இருந்தபோது பளிச்சென்று தெரிந்த ஃபின், ஆள் சற்று விலகியதுமே கருத்துப்போவது இதனால்தான்.

இந்த விதியை மீறித் தெரிபவை ஃப்ளோரசன்ட் சாயங்கள். சாதாரண ஆரஞ்சு துணி, தன்மேல் விழும் ஒளியில் உள்ள ஆரஞ்சைத்தான் திருப்பி அனுப்ப முடியும். அந்த ஒளியே வந்து சேராத ஆழத்தில் அதற்கு வழியில்லை. ஃப்ளோரசன்ட் ஆரஞ்சோ ஆழம்வரை வரும் நீல, பச்சை ஒளியை உள்வாங்கி, அதை ஆரஞ்சு ஒளியாக மாற்றி வெளியிடுகிறது. சுற்றிலும் எல்லாம் நீலமாகிப்போன இடத்தில் அது மட்டும் கனல்போலத் தெரியும்.

அமெரிக்கக் கடற்படையின் ஆய்வாளர்களான கின்னி, லூரியா, வைட்ஸ்மன் ஆகியோர் கலங்கல் மிகுந்த ஆற்று நீரிலிருந்து தெளிந்த ஊற்று நீர்வரை பலவகை நீரில் இதைச் சோதித்து 1967இல் முடிவுகளை வெளியிட்டனர். எவ்வகை நீரிலும் ஃப்ளோரசன்ட் நிறங்களே சாதாரண நிறங்களை முந்தின. கலங்கிய நீரில் ஆரஞ்சு மேலாக இருந்தது. தெளிந்த நீரில் ஃப்ளோரசன்ட் பச்சையும் வெள்ளையும் நன்றாகத் தெரிந்தன. சாம்பலும் கருப்பும் கண்டுபிடிக்கக் கடினமானவை. கலங்கலில் ஆரஞ்சு எடுபடக் காரணம் உண்டு: வண்டலும் அழுகிய தாவரங்களின் சாறும் நீல ஒளியையே முதலில் விழுங்கிவிடுகின்றன. எனவே வண்டல் கலந்த கரையோரக் கடலில் இறங்குபவருக்கும் அந்தமானின் தெளிந்த பவளத்திட்டுகளுக்குப் போகிறவருக்கும் ஒரே நிறம் சிறந்ததாக இருக்காது. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால் ஃப்ளோரசன்ட் மஞ்சள்பச்சை நல்ல தேர்வு.

இவ்வளவு இருந்தும் வெட்சூட் பெரும்பாலும் கருப்பாகவே விற்கிறது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் நியோப்ரீன் உடையை உருவாக்கிய காலத்திலிருந்தே அந்த வழக்கம் தொடர்கிறது. கருப்பில் கறை தெரியாது. வெயிலில் எளிதில் வெளுக்காது. குளிர்நாட்டில் படகில் உட்கார்ந்திருக்கும்போது கதகதப்பும் தரும். வெப்பநாட்டு வெயிலில் அதே கதகதப்புதான் தொல்லை. கருப்பு உடை வைத்திருப்பவர் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தலையுறை, ஃபின், சிலிண்டர் ஆகியவற்றில் ஒன்றாவது பளிச்சென்று இருந்தால் போதும். குறிப்பாக ஃபின்: குழுவாக நீந்தும்போது முன்னால் போகிறவரின் ஃபின்தான் கண்ணில் படும், ஆளை அடையாளம் காட்டுவதும் அதுவே.

விருப்பத்துக்கு இடமில்லாத கருவிகளும் உண்டு. ஆக்டோபஸ் எனப்படும் உபரி ரெகுலேட்டர் (மூச்சுக்கருவி) மஞ்சளாக இருப்பது உலகெங்கும் வழக்கம். காற்று தீர்ந்து பதறுபவர் அதை நொடிகளில் கண்டு பிடித்துக்கொள்ள வேண்டும். அழகுக்காக அதைக் கருப்பில் வாங்குவது தவறு. மேலே வருமுன் டைவர் அனுப்பும் மிதவையும் அப்படித்தான். அலையடிக்கும் கடலில் மேலே தெரிவது தலையும் தோளும் மட்டுமே. நீலமும் சாம்பலும் கடலோடு கலந்துவிடும், வெள்ளையை அலையின் நுரையிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆரஞ்சுதான் நீலத்துக்கு எதிராக எடுப்பாக நிற்கும். சில இடங்களில் சாதாரண மிதவைக்கு ஆரஞ்சு, ஆபத்து அறிவிப்புக்கு மஞ்சள் என்று பிரித்துப் பயன்படுத்துகிறார்கள். படகுக்காரரிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மாஸ்க்கில் நிறம் வேறு வேலை செய்கிறது. கருப்பு சிலிக்கோன் ஓரம் பக்கவாட்டு ஒளியைத் தடுத்துக் கூச்சத்தைக் குறைப்பதால் படமெடுப்பவர்கள் அதை விரும்புகிறார்கள். ஒளிபுகும் ஓரம் முகத்தில் வெளிச்சம் விழச் செய்யும். அடைபட்ட உணர்வு வராது, படத்திலும் முகம் தெளிவாகத் தெரியும். காலப்போக்கில் பழுத்து மஞ்சளாவது அதன் குறை.

பளிச்சிடும் நிறம் சுறாவை வரவழைக்கும் என்ற அச்சம் பரவலாக உண்டு. மஞ்சள் மீது அந்தப் பழி அதிகம். 2011இல் ஆஸ்திரேலியாவில் நேத்தன் ஹார்ட் குழுவினர் 17 சுறா இனங்களின் விழித்திரையை ஆராய்ந்தபோது, 10 இனங்களில் நிறமறியும் கூம்புச் செல்களே காணப்படவில்லை. மற்ற ஏழில் ஒரே வகைக் கூம்புதான் இருந்தது. அதாவது அவற்றில் பலவும் நிறத்தையே பிரித்தறியாதவையாக இருக்கக்கூடும். அவை கவனிப்பது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை. எனவே கடலில் மின்னும் நகைகளைக் கழற்றிவைப்பது அறிவுள்ள செயல்.

அழகு பார்ப்பவருக்கும் இடம் உண்டு. சிவப்பு பிடித்தவர் தாராளமாக வாங்கலாம். விளக்கோ ஃப்ளாஷோ அருகிலிருந்து பாயும்போது அது முழு அழகோடு திரும்பி வரும். ஆழத்தில் தன்னை மற்றவர் கண்ணுக்குக் காட்டும் என்று மட்டும் அதை நம்பக்கூடாது. நீருக்கடியில் மீன் வேட்டையாடுபவர்களுக்காகத் தயாரிக்கப்படும் உருமறைப்பு உடையைப் புதிய டைவர்கள் அணியவே வேண்டாம். அதன் வேலையே ஆளை மறைப்பது.

ஃப்ளோரசன்ட் சாயம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். நிறம் மங்கிய மிதவையைத் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.