தறியும் தூளியும் ஒரே கூரையின் கீழ்

நெசவுத் தொழிலில் வீடே ஆலை என்பது நம் அங்கத்தினர்கள் யாவரும் அறிந்ததே. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கு ஊதினால் வேலை முடியும்; வீடு திரும்பியபின் அவன் தகப்பன். குழித்தறியில் அமர்ந்திருப்பவனுக்கும், அருகில் அமர்ந்து தார் சுற்றும் அவன் மனைவிக்கும் அத்தகைய சங்கு கிடையாது. தறி இருக்கும் கூடத்திலேயே அடுப்பும், தூளியும், பள்ளிப் பிள்ளையின் புத்தகப் பையும் இருக்கின்றன. இதனை ஒரு வசதியென்றே நெடுங்காலமாகப் பேசி வருகிறோம். "பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நெய்யலாமே" என்று சொல்லாதவர் யார்? இரண்டையும் ஒரே நேரத்தில் செய்பவருடைய மனம் என்ன பாடுபடுகிறது என்று கேட்டவர்கள் குறைவு. கேட்க வேண்டிய கடமை சங்கங்களுக்கு உண்டு என்பதே நம் கருத்து.

விடியற்காலையில் பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டி ஆற்றும் வேளையை எண்ணிப் பார்ப்போம். வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். வீட்டார் அனைவரும் கை கொடுக்க வேண்டும். பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய நேரமும் அதுவே. அறுந்த இழையின் மீது ஒரு கண், பாலுக்கு அழும் குழந்தையின் மீது ஒரு கண். பாவைத் தறியில் ஏற்றிய பின்னரோ, தார் தீர்ந்தால் நாடா நிற்கும். நாடா நின்றால் கூலி நிற்கும். கூலி சேலைக்குத்தான், தார் சுற்றியவளின் உழைப்பு அதற்குள் அடங்கிப் பெயரில்லாமல் போகிறது. பயிர்த் தொழில் செய்யும் அங்கத்தினர் வீடுகளிலும் நிலைமை வேறன்று. நடவு நாட்களிலும் அறுவடை நாட்களிலும் வரப்போரத்து மரக்கிளையில் தொங்கும் தூளியே இதற்குச் சாட்சி.

2019-20-ம் ஆண்டு எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவிலும் அதன் துணைத் தொழில்களிலும் ஈடுபட்டோர் 35.22 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் பெண்கள். ஆனால் பல சங்கங்களின் அங்கத்தினர் பதிவேட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஆண் பெயர்களே கண்ணில் படுகின்றன. 2024-ம் ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இன்னொன்றையும் காட்டுகிறது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 88 நிமிடமும் அதில் செலவிட்டனர். வீட்டு வேலையின் பக்கமே செல்லாத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்! பிள்ளைக்குச் சோறூட்டுவதால் நெசவாளியின் கை மரத்துப் போய்விடாது என்று நாம் சொல்லும்போது, கூட்டங்களில் ஆண்கள் சிரிக்கிறார்கள், பெண்கள் சிரிப்பதில்லை.

சென்ற ஆண்டு தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், பெற்ற நூலுக்குச் சேலை ஒப்படைக்காதோர் பட்டியலைக் கண்டோம். அதில் ஓர் அங்கத்தினர் பெயருக்கு எதிரே "அசட்டை" என்று ஒரே சொல் எழுதப்பட்டிருந்தது. அவருக்குப் பாவு கொடுப்பதை நிறுத்திவிடத் தீர்மானமும் தயாராக இருந்தது. நிர்வாகக் குழுவில் இருந்த அம்மையார் ஒருவர் மட்டும், "வீட்டுக்குப் போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். எவரும் போகவில்லை. மறுநாள் அவரோடு நாமும் சென்றோம். கணவர் தாமே தார் சுற்றித் தாமே நெய்துகொண்டிருந்தார். நெசவு பாதியாய்க் குறைந்திருந்தது. மனைவி பிரசவித்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. குழந்தை உறங்கினாலும் அவருக்கு உறக்கமில்லை. உணவில் விருப்பமில்லை. காரணமின்றிக் கண்ணீர். "பிள்ளையைத் தூக்கவே பயமாயிருக்கிறது அக்கா, கீழே போட்டுவிடுவேனோ என்று" என அம்மையாரிடம் மெல்லிய குரலில் கூறினார். தலைவலிக்கும் முதுகுவலிக்கும் மாத்திரை வாங்கித் தந்ததோடு வீட்டார் நிறுத்தியிருந்தனர். மாமியார் கோயிலுக்கு முடிந்து வைத்திருந்த காசு சுவரில் தொங்கியது.

இது சோம்பலுமன்று, பிறர் கண் பட்டதுமன்று. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்னும் நோய். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியான கட்டுரை, பிரசவித்த தாய்மாரில் நூற்றுக்கு 22 பேருக்கு இது காணப்படுவதாக மதிப்பிட்டது. உறக்கக் குறைவும், பணக் கவலையும், துணைக்கு ஆளில்லாமையும் இதனை வளர்க்கின்றன. இம்மூன்றும் எந்த நெசவாளர் வீட்டில் இல்லை? நோய் குணமாகக் கூடியது. கிராம சுகாதாரச் செவிலியர் அந்தத் தாயை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சில மாதச் சிகிச்சையில் தேறினார்.

ஆனால் தேறும் வரை தறி என்னாவது? சங்கம் அவருக்கு மூன்று மாதத் தவணை நீட்டித்தது. வேறோர் அங்கத்தினர் வீட்டில் தார் சுற்றி வாங்கி அனுப்பி, அக்கூலியைச் சங்கக் கணக்கில் எழுதியது. மகாசபையில் இது பெரும் விவாதமாயிற்று. முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "ஊரில் பிள்ளை பெறாதவர் யார்? எல்லோருக்கும் சங்கம் தார் சுற்றுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வியே. சங்கத்தின் நிதி எல்லோருடைய நிதி அல்லவா? சிறிய பெரும்பான்மையில்தான் செலவு ஏற்கப்பட்டது. நம் கணிப்பில், ஒரு தறி நிரந்தரமாக நின்றுபோனால் சங்கம் இழந்திருக்கக் கூடியது அச்செலவைவிடப் பன்மடங்கு. இருப்பினும் அக்குடும்பத்தின் நூல் பாக்கி இன்னும் முழுவதும் தீரவில்லை என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும்.

ஆலையிலும் அலுவலகத்திலும் பணி செய்யும் தாய்மாருக்குச் சட்டம் ஓரளவு துணை நின்றது. 1961-ம் ஆண்டின் பேறுகால நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டபோது, முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பும், ஐம்பது பேரும் அதற்கு மேலும் பணி செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகமும் விதிக்கப்பட்டன. வீட்டுத் தறிக்கு இவை எட்டவில்லை. 2005-ம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் கண்ட ஒரு விதி நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளாவது வேலையிடத்துக்கு வந்தால், வேலை செய்யும் பெண்களில் ஒருவரை அவர்களைக் கவனிக்க அமர்த்தி, அவருக்கும் உரிய கூலி தர வேண்டும் என்றது அவ்விதி. பிள்ளை வளர்ப்பும் கூலிக்குரிய வேலையே என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதாக இதனைக் கொள்கிறோம்.

கூட்டுறவுத் துறையிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. ஆமதாபாத்தில் திருமதி இலா பட் 1972-ல் தோற்றுவித்த சேவா என்னும் உழைக்கும் பெண்கள் சங்கத்தின் வழியில், குழந்தை பராமரிப்புக்கென்றே சங்கினி என்னும் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. தாய்மார் வேலை செய்யும் நேரத்தையொட்டியே அதன் மையங்கள் நடைபெறுவது நாம் கவனிக்கத் தக்கது. நம் ஊர்களில் 1975-ல் தொடங்கிய திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகள் இருக்கின்றன. நல்ல பணி செய்கின்றன. ஆயினும் கைக்குழந்தைக்குப் பொதுவாக அங்கே பகல் முழுதும் இடமில்லை. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்கும் பால்னா திட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கென 2022-ல் வந்தது. அதைத் தம் ஊருக்குக் கேட்டுப் பெறச் சங்கங்கள் மனுச் செய்யலாம். அது வரும் வரை நூல் கிடங்கில் ஓர் அறையை ஒழித்து, வயது முதிர்ந்து தறியில் அமர இயலாத பெண் அங்கத்தினர் இருவரைக் கூலிக்கு அமர்த்தினால், பத்துத் தறிகளாவது இடையறாது ஓடும். நிர்வாகக் குழுவைச் சமையல் வேளையில் கூட்டுவதை நிறுத்துவதற்கு எந்தச் செலவும் இல்லை.

தகப்பன்மாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடனும் தவணையும் அழுத்தும்போது தாய் அழுகிறாள். தகப்பன் வாய் மூடிவிடுகிறான், அல்லது குடிக்கிறான். இரண்டாவதை ஒழுக்கக் கேடென்று மட்டும் ஒதுக்குவது எளிது. பெங்களூர் தேசிய மனநல நிறுவனம் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் 2015-16-ல் நடத்திய ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேலானோர் ஏதேனும் ஒரு மனநோயால் வருந்துவது தெரிந்தது. சிகிச்சையை நாடாதவர்களே அவர்களில் மிகப் பலர். "பைத்தியம்" என்ற பட்டத்துக்கு அஞ்சியே பலரும் வாசல் தாண்டுவதில்லை.

வாசல் தாண்டாமலே பேசவும் இன்று வழியுண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்; கட்டணமில்லை; தமிழிலேயே பேசலாம். காரியதரிசிகள் இவ்வெண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, கூலிப் பட்டுவாடா செய்யும் ஜன்னலருகே, பெண்கள் நின்று நூல் வாங்கும் உயரத்தில் ஒட்டி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.