வரைபடத்தில் சித்தூர்; வழியில் மூன்று மாநிலங்கள்

புதுதில்லி: சென்னையையும் பெங்களூரையும் இணைப்பதற்காகக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் மத்திய அரசு தீட்டிய பெரிய திட்டங்களில் பலவும் ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி பகுதிகளைத் தொட்டே செல்கின்றன. ஹோஸ்கோட்டே - ஸ்ரீபெரும்புதூர் விரைவுச்சாலை, சித்தூர் - தச்சூர் ஆறுவழிச் சாலை, திருப்பதி - பாகாலா - காட்பாடி இரட்டை ரயில் பாதை, அவற்றுக்குக் கிழக்கே கிருஷ்ணபட்டினம் தொழில் நகரம் என இவை யாவும் வெவ்வேறு அமைச்சகங்களின் வெவ்வேறு கோப்புகளில் பிறந்தவை.

இவை ஒன்றுசேர்ந்து ஒரே போக்குவரத்து வழித்தடமாக இயங்குமா, துண்டு துண்டாகவே நின்றுவிடுமா என்பதுதான் இப்போது எழுந்துள்ள கேள்வி. இது ஆந்திரத்தின் கவலை மட்டுமல்ல. எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்கு வரும் சரக்கு, வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் தொழில், திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளின் நன்செய் நிலம் ஆகியவையும் இக்கேள்விக்கான விடையோடு பிணைந்துள்ளன.

ஜப்பானுடன் தீட்டிய வரைபடம்

பிரதமராக மன்மோகன் சிங் இருந்தபோது, 2011 டிசம்பரில் ஜப்பான் பிரதமர் யோஷிஹிகோ நோடா தில்லி வந்தார். சென்னை - பெங்களூர் பகுதியின் உள்கட்டமைப்புக்கு முழுமைத் திட்டம் தயாரிக்க ஜப்பான் உதவுவது குறித்து அப்போது பேசப்பட்டது. ஜப்பான் சர்வதேசக் கூட்டுறவு முகமை தயாரித்த இறுதி அறிக்கை 2015-ம் ஆண்டில் வெளிவந்தது. அதற்குள் தில்லியில் ஆட்சி மாறிவிட்டது. திட்டக் குழுவும் கலைக்கப்பட்டு அதன் இடத்தில் நீதி ஆயோக் அமைந்துவிட்டது.

2033-ம் ஆண்டை இலக்காகக் கொண்ட அந்த நீண்டகாலத் திட்டம், மூன்று மாநிலங்களில் மூன்று மையங்களைத் தேர்ந்தெடுத்தது. தமிழகத்தில் பொன்னேரி, ஆந்திரத்தில் கிருஷ்ணபட்டினம், கர்நாடகத்தில் தும்கூர் ஆகியவையே அவை. சாலை, ரயில், துறைமுகம், மின்சாரம், குடிநீர் அனைத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே அறிக்கையின் அடிப்படை.

நடைமுறையில் மூன்றும் ஒரே வேகத்தில் நகரவில்லை. 2020 டிசம்பர் 30-ம் தேதி மத்திய அமைச்சரவைக் குழு கிருஷ்ணபட்டினத்துக்கு ரூ. 2,139 கோடியும் தும்கூருக்கு ரூ. 1,701 கோடியும் செலவிட ஒப்புதல் அளித்தது. பொன்னேரி அந்த ஒப்புதலில் இடம்பெறவில்லை. கிருஷ்ணபட்டினம் தொழில் நகரத்துக்குப் பிரதமர் நரேந்திர மோடி 2025 ஜனவரி 8-ம் தேதி விசாகப்பட்டினத்திலிருந்து அடிக்கல் நாட்டினார். பேச்சு தொடங்கியதற்கும் அடிக்கல் நாட்டியதற்கும் இடையே 13 ஆண்டுகள் கடந்துவிட்டன.

மூன்று பட்டியல்கள்

தாமதத்துக்கு அரசியல் மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலேயே சிக்கலின் வேர் உள்ளது. ரயில்வே, தேசிய நெடுஞ்சாலை, பெருந்துறைமுகம் ஆகியவை மத்தியப் பட்டியலில் உள்ளன. மற்றச் சாலைகளும் நில உரிமையும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. நிலம் கையகப்படுத்துதலும் சிறு துறைமுகங்களும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. ஒரு வழித்தடம் இம்மூன்று பட்டியல்களையும் கடந்தே ஆகவேண்டும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் நோக்கில் 2021 அக்டோபர் 13-ம் தேதி "கதி சக்தி" தேசியப் பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. பல அமைச்சகங்களின் திட்டங்களை ஒரே மின்னணு வரைபடத்தில் அடுக்கிக் காட்டுவது அதன் பணி. சாலை போட்ட பிறகு குழாய் பதிக்கத் தோண்டும் வழக்கமான அவலத்தைத் தவிர்க்க அது உதவும். ஆனால், எந்தத் திட்டம் முதலில், யார் நிலம் போகும், எந்தத் துறைமுகத்துக்குச் சரக்கு என்பவை வரைபடம் தீர்த்துவைக்கும் கேள்விகள் அல்ல. அவை பேச்சுவார்த்தையில் தீர வேண்டியவை.

பாதி திறந்த சாலை

சுமார் 260 கி.மீ. நீளமுள்ள பெங்களூர் - சென்னை விரைவுச்சாலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்கு வழிகள் கொண்ட இப்புதிய சாலைக்கு 2022 மே 26-ம் தேதி சென்னையில் அடிக்கல் நாட்டப்பட்டது. கர்நாடகத்தில் அமைந்த சுமார் 71 கி.மீ. பகுதி 2024 டிசம்பரில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. ஆந்திர, தமிழகப் பகுதிகளில் பணி பின்தங்கியதால், முழுச் சாலைக்கும் அறிவிக்கப்பட்ட கெடு மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது. விரைவுச்சாலையின் பயன் அதன் இரு முனைகளும் இணையும்போதுதான் கிடைக்கும். நடுவில் அறுந்த சாலை, செலவழித்த பணத்துக்கு வட்டியை மட்டுமே தரும்.

அதே நாளில் அதே மேடையில் மதுரவாயல் - சென்னைத் துறைமுகம் மேம்பாலச் சாலைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. அது அத்திட்டத்துக்கு நாட்டப்பட்ட இரண்டாவது அடிக்கல். முதல் அடிக்கல் 2009-ம் ஆண்டு ஜனவரியில் மன்மோகன் சிங்கால் நாட்டப்பட்டது. 2012-ல் மாநில அரசின் எதிர்ப்பால் பணி நின்றது. ஸ்ரீபெரும்புதூர் வரை சீராக வரும் சரக்கு லாரி, துறைமுக வாயிலில் மணிக்கணக்கில் காத்திருந்தால் வழித்தடம் என்ற சொல்லுக்கே பொருளில்லை.

ஒற்றை ரயில் பாதை

சாலைகளுக்குக் கிடைத்த கவனம் இப்பகுதியின் ரயில் பாதைக்கு வெகுகாலம் கிடைக்கவில்லை. 104 கி.மீ. நீளமுள்ள திருப்பதி - பாகாலா - காட்பாடி ஒற்றைப் பாதையை இரட்டைப் பாதையாக்க ரூ. 1,332 கோடிக்கு மத்திய அமைச்சரவைக் குழு 2025 ஏப்ரல் 9-ம் தேதி ஒப்புதல் வழங்கியது. சுமார் 400 கிராமங்களுக்கும் 14 லட்சம் மக்களுக்கும் இணைப்பு மேம்படும் என்றும், ஆண்டுக்கு 40 லட்சம் டன் சரக்கைக் கூடுதலாகக் கையாளலாம் என்றும் மத்திய அரசு அப்போது தெரிவித்தது.

இதன் முக்கியத்துவம் வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். ஹௌரா பாதையிலிருந்து கூடூரில் பிரியும் ரயில் ரேணிகுண்டா, திருப்பதி, சித்தூர் வழியாகக் காட்பாடியை அடைந்து பெங்களூர்ப் பாதையில் சேரலாம். வடக்கிலிருந்து வரும் சரக்கு சென்னையின் நெரிசலுக்குள் நுழையாமலே மேற்கே சென்றுவிட முடியும். வேலூர் மருத்துவமனைகளுக்கு வரும் நோயாளிகளும் திருமலை செல்லும் தமிழகப் பக்தர்களும் இதே பாதையைத்தான் நம்பியுள்ளனர்.

இதற்கிடையே, 2026-27 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ஏழு அதிவேக ரயில் வழித்தடங்களில் சென்னை - பெங்களூரும் இடம்பெற்றது. அதற்கு முன்பே ஆராயப்பட்ட சுமார் 435 கி.மீ. சென்னை - மைசூர் அதிவேகப் பாதையில் சித்தூர் ஒரு நிலையமாகக் குறிக்கப்பட்டிருந்தது. அதிவேக ரயில் பயணிகளுக்கானது. சரக்கின் சுமையைத் தாங்கப்போவது பாகாலா வழியான சாதாரணப் பாதைதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

துறைமுகங்களின் போட்டி

வழித்தடத்தின் கிழக்கு முனை ஒன்றல்ல. சென்னை, எண்ணூர் காமராஜர், காட்டுப்பள்ளி, கிருஷ்ணபட்டினம் என நான்கு துறைமுகங்கள் ஒரே கடற்கரையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முதல் இரண்டும் மத்திய அரசின் பொறுப்பில் உள்ளவை. பின்னிரண்டும் அதானி குழுமத்தின் வசம் உள்ளன.

கிருஷ்ணபட்டினத்தின் கன்டெய்னர் போக்குவரத்து தமிழகத் துறைமுகங்களுக்குத் திருப்பிவிடப்படுவதாக 2024-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆந்திரத்தில் பெரும் சர்ச்சை எழுந்தது. மறுபுறம், அத்துறைமுகத்துக்கு மேற்கிலிருந்து வழி அமைக்கும் 108 கி.மீ. பத்வேல் - நெல்லூர் நான்குவழிச் சாலைக்கு ரூ. 3,653 கோடியில் 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சித்தூர் - தச்சூர் சாலையோ சரக்கை எண்ணூர், காட்டுப்பள்ளி நோக்கிக் கொண்டுவரும். சித்தூரில் நிற்கும் ஒரு லாரி எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் இரு மாநிலங்களின் வருவாயும் வேலைவாய்ப்பும் அடங்கியுள்ளன. இருப்பினும் நான்கு துறைமுகங்களுக்குமான சரக்குப் பங்கீட்டை இரு மாநிலங்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் நிரந்தர ஏற்பாடு இல்லை.

நிலம் தருவோர் நிலை

சித்தூர் - தச்சூர் ஆறுவழிச் சாலை நூறு கிலோ மீட்டருக்கும் அதிகமான நீளமுடையது. தமிழகத்தில் திருவள்ளூர் மாவட்டத்தின் பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை வட்டங்கள் வழியே அது செல்கிறது. முப்போகம் விளையும் நிலம் பறிபோவதாக ஊத்துக்கோட்டைப் பகுதி விவசாயிகள் தொடர்ந்து போராடினர். 2013-ம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, கிராமப்புற நிலத்தின் சந்தை மதிப்பை 1 முதல் 2 வரையிலான எண்ணால் பெருக்கி இழப்பீடு கணக்கிடப்படுகிறது. அந்த எண்ணை நிர்ணயிப்பது மாநில அரசு. எனவே ஒரே சாலைக்கு எல்லையின் இருபுறமும் நிலம் கொடுத்தவர்கள் வெவ்வேறு தொகை பெற இடமுண்டு.

சேலம் எட்டுவழிச் சாலைக்கான நில எடுப்பை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கைகளை ஏற்றதும் நினைவிருக்கலாம். சட்டத்தில் வென்ற பிறகும் அச்சாலை எழவில்லை. மக்களின் ஒப்புதல் இல்லாத வழித்தடம் நீதிமன்றத் தீர்ப்பால் மட்டும் உருவாகிவிடாது என்பதே அதன் பாடம்.

கோடுகளும் குறுக்குக் கோடுகளும்

இப்பகுதியில் கோடு வரைவது புதிதல்ல. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அங்கே சென்றது. ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், படாஸ்கர் பரிந்துரையின்படி திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் 1960 ஏப்ரல் 1-ம் தேதி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. அன்று எல்லைக்காகப் போராடிய பள்ளிப்பட்டின் நிலத்தில்தான் இன்று எல்லை கடக்கும் சாலைக்குக் கல் நடப்படுகிறது.

ஆனால் எல்லை மறைந்துவிடவில்லை. 2025 ஜூன் மாதம் கிளிமூக்கு மாம்பழத்தின் விலை சரிந்தபோது, வெளிமாநிலக் காய்கள் சித்தூர்க் கூழ் ஆலைகளுக்குள் வருவதை மாவட்ட நிர்வாகம் தடை செய்தது. எல்லையில் லாரிகள் நின்றன. கர்நாடக முதல்வர் சித்தராமையா, ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. ஆறுவழிச் சாலை இருந்தாலும், விலைக் கொள்கையில் ஒருமித்த முடிவு இல்லையெனில் சோதனைச் சாவடியே இறுதிச் சொல்லாகும்.

திருப்பதியின் நிலையும் கவனத்துக்குரியது. நாள்தோறும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருமலையில் தரிசனம் செய்கின்றனர். ரேணிகுண்டா விமான நிலையம், திருப்பதி ரயில் நிலையம், பேருந்து நிலையம் ஆகியவற்றை ஒருங்கிணைக்காமல் விரைவுச்சாலையை மட்டும் கொண்டுவந்தால், கூட்டம் விரைந்து வந்து ஓரிடத்தில் தேங்கும். விசாகப்பட்டினத்தில் கிருஷ்ணபட்டினத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட அதே 2025 ஜனவரி 8-ம் தேதி இரவு, திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி டோக்கன் மையங்களில் ஏற்பட்ட நெரிசலில் ஆறு பக்தர்கள் உயிரிழந்தனர். அன்றைய நெரிசலுக்குச் சாலை காரணமன்று. எனினும், வழித்தடத்தின் கடைசி ஒரு கிலோ மீட்டரையும் திட்டமிட்டாக வேண்டும் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

முன்னுதாரணம் உண்டு

மாநிலங்கள் கூடிச் செயல்பட முடியாது என்று சொல்வதற்கில்லை. தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தில் எம்.ஜி.ஆரும் என்.டி. ராமராவும் 1983-ல் கையெழுத்திட்டனர். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் தத்தமது பங்கிலிருந்து தலா 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க இசைந்தன. கிருஷ்ணா நீர் தமிழக எல்லையை 1996-ல்தான் தொட்டது. ஊத்துக்கோட்டையருகே தமிழகத்துக்குள் நுழையும் அந்தக் கால்வாய் இன்றும் சென்னையின் தாகத்தைத் தணிக்கிறது. ஆட்சிகள் பல மாறியும் திட்டம் கைவிடப்படாததற்கு, யார் என்ன தருவது, யார் செலவை ஏற்பது என்று எழுத்தில் இருந்ததே காரணம்.

வழித்தடத்துக்கு அத்தகைய எழுத்துப்பூர்வ உடன்பாடு இல்லை. அதைப் பேசுவதற்குக் களம் இல்லாமலும் இல்லை. 1956-ம் ஆண்டின் மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டப்படி அமைந்த தென்மண்டலக் கவுன்சில், 2021 நவம்பர் 14-ம் தேதி கூடியதே திருப்பதியில்தான். ஒரே அளவு இழப்பீடு, துறைமுகங்களுக்கிடையே சரக்குப் பங்கீடு, ரயிலுக்கும் சாலைக்கும் பொதுக் காலக்கெடு, பொன்னேரிக்கு உரிய இடம் ஆகிய நான்கையும் அதன் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க மூன்று மாநில அரசுகளும் கோரலாம். தமிழக எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு சாலைக்கும் தனித்தனியே கேள்வி எழுப்புவதைவிட இது பயன் தரும்.

வரைபடம் குறித்த 2033-ம் ஆண்டு தொலைவில் இல்லை. எஞ்சியுள்ள ஆண்டுகளில் கல்லும் தாரும் தாமாக வந்துவிடும். வரவேண்டியது, நிலம் தந்தவருக்கும் எல்லைக்கு இருபுறமும் வாழ்பவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் ஒப்பந்தமே.