அடுத்த பாட்டு யார் கையில்?

1990களில் பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குத் தினமும் வேலைக்குப் போய்வந்த எங்களுக்கு, வழியில் என்ன பாட்டு என்பதைத் தீர்மானித்தவர் டிரைவர். தனியார் பஸ்களில் அவர் கைக்கெட்டும் இடத்தில் டேப்பும், பக்கத்தில் கேசட் பெட்டியும் இருக்கும். முதல் டிரிப்பில் பக்திப் பாட்டு. வெயில் ஏறியதும் இளையராஜா. நல்ல பாட்டுப் போடும் வண்டிக்காக, முன்னால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்றவர்கள் உண்டு.

அந்தக் கேசட்டுகளில் பல, ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தவை. பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி நேரம், ஆறேழு பாட்டுதான் கொள்ளும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதற்குப் பின் எது என்று யோசித்துத்தான் எழுத வேண்டும். பதிந்த பிறகு வரிசை மாறாது. தினமும் கேட்ட காதுக்கு, ஒரு பாட்டு முடிந்த இடைவெளியிலேயே அடுத்ததன் முன்னிசை கேட்கத் தொடங்கிவிடும். அதே பாட்டைக் கல்யாண வீட்டில் கேட்டாலும் மனசு அந்த அடுத்த பாட்டுக்குத்தான் காத்திருக்கும்.

இன்று அதே சாலையில் ஒவ்வொரு காதிலும் ஒரு பாட்டு. வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் வசதி சிடி பிளேயரிலேயே இருந்தது; 2001இல் ஐபாட் வந்தபின் அது பழக்கமாகிவிட்டது. 2005இல் வந்த ஐபாட் ஷஃபிளில் திரையே கிடையாது. வருவதைக் கேட்க வேண்டியதுதான். இப்போது செல்போனில், 1976இன் 'அன்னக்கிளி'யை அடுத்து அனிருத், அதன்பின் 1992இன் 'ரோஜா'. எது வருமோ என்ற அந்த ஆவல் ஒரு தனிச் சுகம்.

ஆனால் அதுவும் முழுத் தற்செயல் இல்லை. சீட்டுக்கட்டை நன்றாகக் கலைத்தாலும் ஒரே இனச் சீட்டு மூன்று சேர்ந்து விழும். அப்படி ஒரே பாடகர் அடுத்தடுத்து வந்தபோது, சரியாகக் கலைக்கவில்லை என்று கேட்பவர்கள் குறைபட்டார்கள். அதனால் பாட்டுச் செயலியான ஸ்பாட்டிஃபை 2014இல், ஒருவருடைய பாட்டுகளை இடைவெளி விட்டுப் பரப்பும்படி முறையை மாற்றியது.

தனிக் காது பெரிய விடுதலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்று பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், துக்க வீட்டிலிருந்து திரும்புகிறவரும் அதே குத்துப்பாட்டைச் சகித்தாக வேண்டும். இன்று அவரவர் மனநிலைக்கு அவரவர் பாட்டு.

ஆனால், பி.பி. ஸ்ரீனிவாஸின் குரலை எனக்குத் தந்தது வயதான ஒரு டிரைவரின் விருப்பம். நானாக அதைத் தேடியிருக்க மாட்டேன். ஷஃபிள் எவ்வளவு கலைத்தாலும் நாம் சேர்த்த பாட்டுகளைத்தான் கலைக்கிறது. செயலியின் பரிந்துரையும் நாம் கேட்டதை ஒட்டியே வருகிறது. நம் ரசனைக்கு வெளியே இருப்பதை இன்னொரு மனிதர்தான் கொண்டுவர முடியும்.

அதனால் அம்மாவிடமும், கூட வேலை செய்யும் சின்ன வயதுக்காரர்களிடமும் பிடித்த பாட்டுகளைக் கேட்டு என் பட்டியலில் சேர்க்கிறேன். நீங்களும் சேருங்கள். அந்த டிரைவர் செய்ததை இனி நாம்தான் ஒருவருக்கொருவர் செய்துகொள்ள வேண்டும்.