தன்னை அறிதல்

வேலூருக்குத் தெற்கே உள்ள திருவண்ணாமலையில் 1896 முதல் 1950 வரை வாழ்ந்தவர் இரமண மகரிஷி. இளமையில் அவர் பெயர் வேங்கடராமன். மதுரையில் பயின்றபோது, 16 வயதில், ஒரு நாள் காரணமின்றி மரண பயம் அவரைப் பற்றியது. அவர் மருத்துவரை நாடவில்லை. பிணம்போல் அசைவற்றுக் கிடந்தார். இவ்வுடல் மாய்ந்தால் தாமும் மாய்வதுண்டோ என ஆராய்ந்தார். உடல் அழியினும் 'நான்' அழியாது என்னும் தெளிவு பிறந்தது; அச்சம் அகன்றது.

இத்தகைய உயர் அனுபவம் பலர்க்கு மின்னலெனத் தோன்றி மறையும். ஆதலின், இடைவிடாப் பயிற்சியாலும் பற்றின்மையாலும் மனத்தை அடக்குதல் வேண்டும் என்கிறது பதஞ்சலியின் யோக சூத்திரம். மகரிஷிக்கோ அத்தெளிவு பின்னர் மங்கவேயில்லை. தம்மை நாடி வந்தோர்க்கு அவர் காட்டிய வழி, 'நான் யார்?' என்னும் வினாவை உள்நோக்கி எழுப்புதல். கணநேரத் தெளிவை வாழ்நாள் ஒளியாக்குவது இடையறாத அம்முயற்சியே ஆகும்.