சர்க்கரையின்மேல் விழும் பழி

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டதென்றால், விசாரிக்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருமுன்பே ‘எல்லாம் சர்க்கரை செய்த வேலை’ என்று தீர்ப்புக் கூறிவிடுவார்கள். அநேகமாக அந்தத் தீர்ப்பு சரியாகவும் இருக்கும். ஆயினும் கோபாலபுரத்தில் டாக்டர் வி. மோகன் நிறுவிய நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தில், ராதா வெங்கடேசன் முதலியோர், சிறுநீரகக் கோளாறும் சேர்ந்திருந்த நீரிழிவு நோயாளிகளின் மரபணுக்களைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அவர்களில் சிலருக்கு இரண்டு வியாதிகளுக்கும் மூலம் ஒன்றே, அதுவும் ஜன்மத்திலேயே அமைந்தது, என்று காட்டிற்று. அவர்களிடம் பிழைபட்டிருந்த மரபணுவின் பெயர் எச்.என்.எஃப்.1பி.

அதன் பங்கு விளங்க, கர்ப்பத்தில் சிறுநீரகம் உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும்; அந்த விதமே விசித்திரமானது. முதலில் தோன்றும் ஒரு ஜோடி பயனின்றி மறைய, இரண்டாவது ஜோடி சிறிது காலம் உழைத்து மறைய, ஐந்தாம் வாரத்தில் தொடங்கும் மூன்றாவது ஜோடியே நமக்கு நிலைக்கிறது. இதில் ஒரு குழாயிலிருந்து அரும்பும் முளையும் அருகிலுள்ள திசுத்திரளும் சம்பந்தி வீட்டாரைப் போன்றவை: ஒரு பக்கம் அழைக்காமல் மறுபக்கம் அடியெடுத்து வைப்பதில்லை. திசு ஜி.டி.என்.எஃப். என்னும் புரதத்தைச் சுரக்க, முளையிலுள்ள ‘ரெட்’ என்னும் ஏற்பி அதை உணர்ந்து, முளை திசுவுக்குள் புகுந்து கிளைகிளையாகப் பிரிய, ஒவ்வொரு கிளைநுனியையும் சுற்றி வடிகட்டும் நுண்ணலகுகள் உண்டாகின்றன. சிறுநீரகம் ஒன்றுக்குச் சராசரி பத்து லட்சம். 36ஆம் வாரத்துக்குப்பின் ஒன்றுகூடப் புதிதாகப் பிறப்பதில்லை. அழைப்பே நிகழாவிட்டால் அந்தப் பக்கத்தில் சிறுநீரகமே இராது. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு குழந்தை ஒற்றைச் சிறுநீரகத்துடன் பிறந்து, பெரும்பாலும் அதை அறியாமலே வாழ்ந்துவிடுகிறது.

எச்.என்.எஃப்.1பி சிறுநீரகத்தை உருவாக்கும் இந்த வேலையோடு கணையத்தையும் கருப்பையையும் அமைப்பதிலும் பங்கு கொள்வதால், அது பிழைபட்டவருக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளும், இளவயதில் நீரிழிவும், பெண்ணானால் சில சமயம் இரட்டைக் கருப்பையும் காணப்படலாம். ‘எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே’ என்று வாதிப்பதிலும் பலனில்லை. ஏறக்குறைய பாதிப் பேரிடத்தில் இக்குறை பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகவே தோன்றுகிறது. ஆனால் ஒருவரிடம் தோன்றிவிட்டபின், அவர் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்லப் பாதிக்குப்பாதி வாய்ப்புண்டு. தந்தைக்கு அற்பமான ஒரு கட்டியாக இருந்தது மகனுக்கு டயாலிசிஸ் வரை போகவும் கூடும். ஆகவே மெலிந்த இளைஞர் ஒருவர் நீரிழிவோடு வந்து, ஸ்கேனில் கட்டிகளும் தென்பட்டால், சர்க்கரையைக் கடிந்துகொள்வதோடு நின்றுவிடாமல் மரபணுச் சோதனைக்கும் அனுப்புவது வைத்தியரின் கடமை என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் இம்மரபணு பிழைபட்டோரில் பலருக்கு மாத்திரைகள் பலன் தராமல் இன்சுலினே தேவைப்படுகிறது.